நாட் தேங்காயும் மதுரை வீரனும்: ஒன்றா, வேறா?

தாம்வே_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுச் சண்டை ஒன்றை இங்கே கொண்டு வருகிறேன், திட்டாதீர்கள். ரங்கூன் தாம்வேயில் எங்கள் வீட்டு முன்கூடத்து மூலையில் காம்போடு ஒரு தேங்காய் தொங்கும், சிவப்புத் துணி சுற்றி. பர்மியர் வீடுகளில் வீட்டு நாட் சாமிக்குக் கட்டுவார்களே (நாட் என்றால் பர்மியர் கும்பிடும் ஆவித் தெய்வம்), அதேதான். நேர் எதிர்ச் சுவரில் பிள்ளையார், மாரியம்மன் மாடம். எனக்கு நினைவு தெரிந்த நாளாக இரண்டும் இருக்கின்றன.

போன வாரம் வந்த பெரியப்பா மகன் (கோயில் கமிட்டியில் இருக்கிறார்) அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதைக் கழற்றி எறி. நீ தமிழனா பர்மாக்காரனா?" என்று பிடித்துக்கொண்டார். அம்மா வாயே திறக்கவில்லை. "எல்லாம் ஒரே சாமிதானே அண்ணா" என்று மழுப்பினேன். "எப்படி ஒன்று, சொல்லு" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

மாண்டலே_செல்வி:
தெரியும் தம்பி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். அந்தத் தேங்காய் மின் மஹாகிரிக்கு. கதைப்படி அவர் தகௌங் ஊர்க் கொல்லர், பெயர் மாங் தின் டே. அவருடைய உடல் பலத்தைப் பார்த்து அரசனுக்கே பயம். அதனால் அவர் தங்கையைக் கல்யாணம் செய்து, மச்சானுக்குப் பதவி தருவதாக ஆள் அனுப்பி வரவழைத்து, சண்பக மரத்தில் கட்டி எரித்தான். தங்கையும் அதே தீயில் பாய்ந்தாள். அண்ணனும் தங்கையும் ஆவியாகி அந்த மரத்திலேயே தங்கி, நிழலுக்கு ஒதுங்கியவர்களை எல்லாம் அடித்தார்கள். மரத்தை வெட்டி ஐராவதியில் தள்ளிவிட, அது பகானில் கரை ஒதுங்கியது. பகான் அரசன் அதே மரத்தில் உருவம் செதுக்கி இருவரையும் போப்பா மலையில் குடிவைத்தான். எரிந்த உடம்புக்குக் குளிர்ச்சி வேண்டும் என்றுதான் இளநீரோடு தேங்காய். தண்ணீர் வற்றினால் மாற்ற வேண்டும்.

இப்போது மதுரை வீரனை நினைத்துப் பாருங்கள். மாறுகால் மாறுகை வாங்கினார்கள், பொம்மியும் வெள்ளையம்மாளும் தீயில் விழுந்தார்கள். கடைசியில் மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தில் அவருக்கே சன்னதி. காத்தவராயன் கழுவேறியவர். அநியாயமாகக் கொன்றுவிட்டுக் கொன்ற ஊரே பயந்து கும்பிடுவது நமக்குப் புதுசா? பர்மியர் இப்படிச் சாவதைப் பச்சைச் சாவு என்கிறார்கள், நாம் துர்மரணம் என்கிறோம்.

இன்னொன்று. கோ ஜீ ச்சோ என்றொரு நாட் இருக்கிறார், குடிகாரர், சூதாடி. அவருக்கு விஸ்கியும் பொரித்த கோழியும் படைப்பார்கள். எங்கள் தாத்தா முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும் வைத்தவர். நாட் கடோ, அதாவது நாட் இறங்கி ஆடும் சாமியாடி, ஆடுவதைச் சின்ன வயதில் முதன்முதலாகப் பார்த்தபோது, எங்கள் சித்தப்பாவுக்கு இங்கே எப்படி அருள் வந்தது என்றுதான் நினைத்தேன்!

மோல்மீன்_முத்து:
அக்கா கதையை அழகாகச் சொன்னீர்கள். ஆனால் ஒத்துப்போகிறதை மட்டும் பொறுக்கி எடுத்தால் எதையும் எதோடும் ஒப்பிட்டுவிடலாம்.

தேங்காயையே எடுத்துக்கொள்வோம். நாம் சாமிக்கு முன்னால் அதை உடைக்கிறோம். ஓடு இரண்டாகப் பிளந்து தண்ணீர் தெறித்தால்தான் நமக்குத் திருப்தி. இவர்கள் கடோப்வே என்கிற படையல் தட்டில் காம்புகூட ஒடியாமல், வாழைச் சீப்புகளுக்கு நடுவே முழுசாக வைக்கிறார்கள். என் மனைவி பர்மியப் பெண். மாமியார் வீட்டுத் தேங்காய்க்குக் கீழே தெரியாத்தனமாக ஒருநாள் சூடம் கொளுத்திவிட்டேன். "தீயில் செத்தவருக்குத் தீயைக் காட்டுகிறாயே" என்று அந்த அம்மா அழுதே விட்டார். அன்றைக்குத்தான் உறைத்தது. நமக்குத் தீபாராதனை இல்லாமல் பூசையே இல்லை. அந்த நாட் சாமிக்கு அதுதான் வலி. இதை ஒன்று என்றால் இரண்டு சாமிக்கும் மரியாதை இல்லை.

அப்புறம் குலதெய்வம் பங்காளிகளுக்குச் சொந்தம். பிடிமண் எடுத்துவந்து கோயில் வைக்கிறோம். நாட் அப்படியா? 11ஆம் நூற்றாண்டில் அனோரதா அரசர் 37 பேர் என்று பட்டியல் போட்டு, தலைவராகத் தஜா மின்னை வைத்துப் புத்தருக்குக் கீழே உட்காரவைத்தார். அது ராஜாங்க ஏற்பாடு.

மாண்டலே_செல்வி:
சூடம் விஷயம் எனக்கும் உறைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டியல் விஷயத்தில் பாதிதான் சொல்கிறீர்கள். அந்தத் தஜா மின் யார்? நம் இந்திரன். மிசைங் ஃபசைங் நாட் என்று கேள்விப்பட்டதில்லையா? அம்மா வழியிலும் அப்பா வழியிலும் பிள்ளைகளுக்கு வருகிற நாட். குலதெய்வமேதான். ஒரு வித்தியாசம், அங்கே அம்மா வழிச் சாமியும் கூட வரும். கல்யாணமானதும் பிறந்த வீட்டுச் சாமியை வாசலோடு விட்டுவிட்டு வந்தவள் நான், எனக்கு அது பொறாமையாகக்கூட இருக்கிறது.

மேலிருந்து ஏற்பாடு செய்வது நம் பக்கம் மட்டும் நடக்கவில்லையா என்ன? 2003இல் தமிழ்நாட்டில் கோயில்களில் ஆடு கோழி வெட்டக் கூடாது என்று அரசாங்கமே தடை போட்டது. 2004இல் விலக்கிக்கொண்டார்கள்.

பர்மாபஜார்_பேரன்:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். தாத்தா 1964இல் ரங்கூனில் கப்பலேறியவர். கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கையில் இருந்த 50, 100 கியாத் நோட்டுகள் அந்த மே மாதம் செல்லாமல் போயின.

நீங்கள் இருவரும் சாமிகளைத் தராசில் வைத்துப் பார்க்கிறீர்கள். தராசை யார் பிடித்திருக்கிறார்? 1982 குடியுரிமைச் சட்டத்தில் 1823க்கு முன்பே குடியிருந்த இனங்களுக்குத்தான் பிறப்பிலேயே முழு உரிமை. நம் ஆட்கள் எத்தனை தலைமுறை இருந்தாலும் வந்தவர்கள். பௌத்தப் பெண்ணை வேறு மதத்துக்காரர் கட்டினால் அதற்கென்று 2015இல் தனிச் சட்டம். இந்த நிலையில் ஒரு தமிழ் வீட்டில் நாட் தேங்காய் தொங்கினால் அது பக்தி என்று எப்படி நம்புவது? வெளியே போனால் பர்மியப் பெயர், வீட்டுக்குள் தமிழ்ப் பெயர் என்பது மாதிரி இதுவும் ஒரு வேஷம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பர்மியர் எத்தனை பேர் வீட்டில் மதுரை வீரன் படம் மாட்டியிருக்கிறார்கள்?

மாண்டலே_செல்வி:
படம் மாட்டவில்லை தம்பி, கோயிலுக்கு வருகிறார்கள். பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்கு வந்து பாருங்கள். கடோப்வே தட்டோடு பர்மியப் பெண்கள் நிற்பார்கள். நம் பூசாரிதான் அந்தத் தேங்காயை உடைக்கலாமா வேண்டாமா என்று ஒரு நொடி முழிப்பார். அவர்கள் யாருக்குப் பயந்து வருகிறார்கள்?

பர்மாபஜார்_பேரன்:
அவர்கள் விரும்பினால் வரலாம், விரும்பாவிட்டால் நிறுத்தலாம். அந்த வசதி தம்பி வீட்டுக்கு இருந்ததா என்றுதான் கேட்கிறேன். அந்தத் தேங்காயை முதலில் யார் கட்டினார்கள்? அதைக் கேளுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

மோல்மீன்_முத்து:
கேட்க வேண்டிய கேள்வி. பேரன் பக்கம் நான் முழுசாக இல்லை, ஆனால் இது தெரியாமல் கழற்றுவதும் தப்பு, மாட்டிவைப்பதும் தப்பு.

தாம்வே_தம்பி:
கேட்டேன். இரண்டு நாளாக அம்மா சொல்லவில்லை. இன்று காலை பேபியோவும் (அவித்த பட்டாணி) நான் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தானாகவே ஆரம்பித்தார்.

1967 ஜூன். அம்மா கல்யாணமாகி வந்த புதிது, பத்தொன்பது வயது. சீன மாணவர்கள் மாவோ பேட்ஜ் குத்திக்கொண்டு வந்த தகராறில் சீனர்களுடைய கடைகளையும் வீடுகளையும் உடைத்துக்கொண்டிருந்த நேரம். சீனருக்கு அடுத்து நாம்தான் என்று தெருவில் பேச்சு. எங்கள் பாட்டி கதவைத் தாழ்போட்டு எல்லாரையும் பின்கட்டில் உட்காரவைத்திருந்தாராம். பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி பின்வாசல் வழியாக வந்தார். தன் வீட்டு நாட் தேங்காயைக் கழற்றித் தாவணி மாதிரி ஒரு துணியில் மூடி எடுத்துவந்து, நாற்காலி போட்டு ஏறி, தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி அவரே கட்டினாராம். கட்டிவிட்டு நாட் சாமியிடம் ஏதோ சொல்லிக் கும்பிட்டாராம். அம்மாவுக்கு அப்போது அவ்வளவு பர்மிய பாஷை புரியாது. எங்கள் தெருப் பக்கம் யாரும் வரவில்லை.

"பயந்துதானே வைத்திருந்தோம், அதற்கு அப்புறம் ஏன் கழற்றவில்லை?" என்று கேட்டேன். "கடன் வாங்கின சாமியை எங்கே கொண்டுபோய் விடுவது?" என்றார். அந்தப் பாட்டி குடும்பம் எப்போதோ மேக்டிலா பக்கம் போய்விட்டது.

பேரன் அண்ணா, நீங்கள் சொன்னது சரிதான். செல்வி அக்கா, நீங்கள் சொன்னதும்தான். பெரியப்பா மகனிடம் எதைச் சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார்.

இப்போதைக்கு வேறு பிரச்சினை. பழைய தேங்காயைக் குலுக்கினால் சத்தமே இல்லை, வற்றிவிட்டது. நேற்று நான் வாங்கி வந்ததில் காம்பு இல்லை என்று அம்மா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். கடை மூடுவதற்குள் மாற்றிவர வேண்டும். முத்து அண்ணா, சூடத்தைத் தள்ளித்தான் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.