வீடு சந்திப்பு ஒழுங்கு: அனுபவமுள்ள ஆக்கள் உதவுங்கோ

வணக்கம் ஐயாமார், அக்காமார். யாழ்ப்பாணத்தில் 90 குடும்பங்கள் உள்ள ஒரு கிறிஸ்தவ சபைக்கு வீடு சந்திப்பு அட்டவணை தயாரிக்கிறோம். ஞாயிறு ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினால் போதாது, வராதவர் ஆர் என்று தெரியவேணும். இரண்டு ஞாயிறு வராதவரை அந்தக் கிழமைக்குள்ளேயே போய்ப் பார்க்கவேணும். மாதம் கழித்துப் போனால் "இப்பதானோ ஞாபகம் வந்தது?" என்பார்கள், அது நியாயம்தான்.

9 குழு, குழுவுக்கு 10 குடும்பம், பொறுப்புக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும். கொப்பியில் திகதி, செபத் தேவை, அடுத்து போகும் நாள் மட்டும். அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, காணிக்கைக் கதை எடுக்கவே கூடாது. எல்லாம் போதகர் தலையில் விழுந்தால் மூன்றாம் மாதமே நின்றுவிடும்.

மானிப்பாயில், 19ஆம் நூற்றாண்டில் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் டாக்டர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த மண் இது. சனத்தின் தேவையைத் தேடிப் போனபோதுதான் இங்கே திருச்சபை வேர்விட்டது.

கேட்பது இதுதான்: பிள்ளைகள் வெளிநாட்டில், தனியே இருக்கும் முதியவர்களுக்கு வீட்டில் திருவிருந்து (அப்பமும் இரசமும்) எத்தனை கிழமைக்கு ஒருக்கா கொடுக்கிறீர்கள்? ஞாயிறும் கடையில் நிற்கும் பெடியளுக்குச் சனி பின்னேர ஆராதனை சரிவந்ததோ, எத்தனை மணிக்கு? கொப்பிப் பக்கம் இருந்தால் பெயர்களை மறைத்துப் படம் போடுங்கோ.