ஈஈஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) துறையில் புதிதாகச் சேரும் பேராசிரியர்களுக்கு: மெஷின்ஸ் லேபின் முதல் வாரம்

சேர்ந்த வாரமே டைம்டேபிளில் மெஷின்ஸ் லேப் வந்துவிடும். பிஎச்டி முழுக்க சிமுலேஷனில் செய்தவர்கள் மோட்டாரைத் தொட்டே பல வருடம் ஆகியிருக்கும். அதனால் முதல் பேட்ச் வருமுன், லேப் இன்ஸ்ட்ரக்டரை உடன் வைத்துக்கொண்டு எல்லா எக்ஸ்பெரிமென்ட்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எந்த ரியோஸ்டாட்டில் (கூட்டிக் குறைக்கக்கூடிய ரெசிஸ்டன்ஸ்) ஸ்லைடர் சரியாகத் தொடவில்லை, எந்த அம்மீட்டரில் முள் சிக்குகிறது என்பதெல்லாம் மேனுவலில் இருக்காது, அவருக்குத்தான் தெரியும்.

டிசி ஷன்ட் மோட்டாரில் கூடுதல் கவனம் வேண்டும். ஆர்மேச்சர் (சுழலும் பகுதி) ரெசிஸ்டன்ஸ் 1 ஓம் என்று வையுங்கள். நின்றிருக்கும் மோட்டாரில் பேக் இஎம்எஃப் (சுழலும்போது சப்ளைக்கு எதிராக உருவாகும் வோல்ட்டேஜ்) கிடையாது. 220 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் 220 ஆம்பியர் பாயும். ஸ்டார்ட் பண்ணும்போது ஃபீல்டு (காந்தப்புலம் தரும் காயில்) ரியோஸ்டாட் மினிமம், ஆர்மேச்சர் ரியோஸ்டாட் மேக்ஸிமம். பசங்க இதைத்தான் மாற்றி வைப்பார்கள். லோடு இல்லாமல் ஓடும்போது ஃபீல்டு வயர் கழன்றால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். சப்ளை போடுமுன் ஃபீல்டின் இரண்டு டெர்மினலையும் நீங்களே இழுத்துப் பாருங்கள்.

ஃபீல்டு கரன்ட்டைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் ஃபீல்டு கன்ட்ரோல் எக்ஸ்பெரிமென்ட்டில், த்ரீ பாயின்ட் ஸ்டார்ட்டரின் (ஸ்டார்ட்டிங் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) கைப்பிடி திடீரென்று திரும்பி விழுந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். கைப்பிடியைப் பிடித்து வைத்திருக்கும் நோ-வோல்ட் காயில் ஃபீல்டோடு சீரிஸில் இருக்கிறது. ஃபீல்டு கரன்ட்டை ரொம்பக் குறைத்தால் அதற்குப் பிடிமானம் போய்விடும். வைவாவில் கேட்க நல்ல கேள்வி.

---

மேலே ஷன்ட் மோட்டார் பற்றி சார் சொன்னதோடு டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓசி (ஓப்பன் சர்க்யூட்) டெஸ்ட்டுக்கு எல்பிஎஃப் (லோ பவர் ஃபேக்டர்) வாட்மீட்டர், எஸ்சி (ஷார்ட் சர்க்யூட்) டெஸ்ட்டுக்கு யுபிஎஃப் (யூனிட்டி பவர் ஃபேக்டர்). எல்பிஎஃப் வாட்மீட்டரில் 300 வோல்ட், 2 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.2, முழு ஸ்கேல் 120 என்றால் ரீடிங்கைப் பெருக்க வேண்டிய எண் 300×2×0.2÷120, அதாவது 1. அந்த 0.2-ஐ விட்டுவிட்டால் அயர்ன் லாஸ் ஐந்து மடங்காக வரும். ரெக்கார்டு திருத்தும்போது முதலில் இதைப் பாருங்கள்.

எஸ்சி டெஸ்ட்டில் ரேட்டட் கரன்ட் வர, ரேட்டட் வோல்ட்டேஜில் 5 முதல் 10 சதவீதமே போதும். முந்தைய பேட்ச் வேரியாக்கை (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஜீரோவுக்குக் கொண்டுவராமல் போயிருந்தால், சுவிட்ச் போட்டதுமே ஃப்யூஸ் போகும், முள் வளையும்.

---

சீரிஸ் மோட்டாரை பிரேக் பெல்ட் தளர்ந்த, அதாவது லோடு இல்லாத நிலையில் ஒருபோதும் ஸ்டார்ட் பண்ண விடாதீர்கள், வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். நிறுத்தும்போதும் கொஞ்சம் லோடு இருக்கும்போதே சுவிட்சை ஆஃப் செய்ய வேண்டும். லோடு டெஸ்ட்டில் பிரேக் டிரம்முக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ரீடிங் எடுங்கள். சூடேறினால் பெல்ட் கருகும், ஸ்பிரிங் பேலன்ஸ் ரீடிங்கும் நிலையாக நிற்காது.