சிக்னலுக்குச் ‘சைகை’, கில்லுக்குச் ‘சைகையிடு’

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் உரையாடலில், கணினியின் பணிசெயல் முறைமையின் (ஆபரேட்டிங் சிஸ்டம்) மையப் பகுதியான கருனி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலாகிய ஒரு செயன்முறைக்கோ அதனுள் தனித்து ஓடும் வேலைத்தொடராகிய இழைக்கோ சேர்ப்பிக்கும் அறிவிப்பான சிக்னலைச் ‘சமிக்ஞை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவரும், ‘குறிகை’ எனலாம் என்று இன்னொருவரும் எழுதியிருந்தீர்கள். அவ்விரு சொற்களும் மின்னியலில் அலையாகச் செல்லும் சிக்னலுக்கு ஏற்கெனவே வழங்குகின்றன, அங்கேயே இருக்கட்டும். இங்கே போய்ச் சேர்வது பெரும்பாலும் ஓர் எண் மட்டுமே என்பதால், ‘சைகை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தோணியில் குனிந்து வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருப்பவருக்குக் கரையில் நிற்பவர் கையசைக்கிறார். குனிந்தவர் தலை நிமிரும்போதுதான் அது அவர் கண்ணில் படும். அதற்குள் மூன்று முறை அசைத்திருந்தாலும் அவருக்கு அது ஒரு சைகைதான். லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையிலும் அப்படியே. அனுப்பப்பட்ட சைகை முதலில் நிலுவையில் குறிக்கப்படுகிறது. இழை கருனியிலிருந்து, நிரலின் சொந்தக் கட்டளைகள் ஓடும் பயனர் நிலைக்குத் திரும்பும் வேளையில்தான் கருனி நிலுவையைப் பார்த்து அதைச் சேர்ப்பிக்கிறது. 1 முதல் 31 வரையான வழமைச் சைகைகளில் ஒன்று நிலுவையில் இருக்கையில் அதே எண் மறுபடி வந்தால், இரண்டாவது தனியாக எண்ணப்படுவதில்லை. நிகழ்நேரச் சைகைகள் என்ற இன்னொரு வகை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். ஆகவே ‘அனுப்பல்’, ‘நிலுவை’, ‘சேர்ப்பித்தல்’ ஆகிய மூன்றையும் நாம் கலந்துவிடாமல் ஆள வேண்டும்.

ஒரு சைகை சேராதபடி தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ‘மாஸ்க்’ என்பதற்குத் ‘தடுப்பு’ என்று நீங்கள் எழுதியதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. தடுத்தது திரும்பிப் போய்விடும் என்ற பொருள் அதில் தொனிக்கிறது. உண்மையில் அது நிலுவையில் காத்திருந்து, விலக்கியதும் வந்து சேர்கிறது. ‘மறைப்பு’ என்பதே பொருந்தும். வந்ததைக் கணக்கில் எடுக்காமல் விடுவது ‘புறக்கணிப்பு’. மறைப்பு ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி. புறக்கணிப்பதா கையாள்வதா என்ற முடிவோ செயன்முறை முழுவதற்கும் பொது. செயன்முறைக்கென வரும் ‘பொதுச் சைகை’யை, அதை மறைக்காத இழைகளுள் ஏதாவது ஒன்று பெறும், ‘இழைச் சைகை’ குறித்த இழைக்கே உரியது. செயன்முறையை முடித்துவிடும் 9 ஆம் சைகையை மறைக்கவும் முடியாது, புறக்கணிக்கவும் முடியாது.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது, சைகை அனுப்பப் பயன்படும் ‘கில்’ (kill) என்ற கட்டளையைப் பற்றி. களுவாஞ்சிகுடியில் மாணவர் சிலருக்கு லினக்ஸ் பழக்கியபோது, ஒரு செயன்முறை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதன் எண்ணுக்குக் ‘கில்’ கட்டளையை 0 உடன் கொடுக்கச் சொன்னேன். ஒரு பிள்ளை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, “செத்துப் போகாதோ சேர்?” என்று கேட்டது. 0 கொடுத்தால் எந்தச் சைகையும் போவதில்லை. அந்தச் செயன்முறை உண்டா, அதற்குச் சைகையிட நமக்கு அனுமதி உண்டா என்பது மட்டும் சோதிக்கப்படும். ‘கொல்’ என்று நாங்கள் எழுதிவைத்த குறிப்புத்தான் அந்தப் பிள்ளையை அஞ்ச வைத்தது. அந்தக் கட்டளையால் நிறுத்தவும் தொடரவும்கூடச் சைகையிடலாம் என்பதால், அதன் தமிழ் ‘சைகையிடு’ என்றே இருக்கட்டும்.

‘சைகை’ பேச்சுவழக்குச் சொல், பாடநூலுக்கு ஏற்றதன்று என்ற ஆட்சேபம் வரலாம். பேச்சில் உள்ள சொல்லே ஏட்டிலும் இருக்கட்டும் என்பதே என் பதில். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936 இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் நம் பிள்ளைகள் ஏட்டுக்கு ஒரு சொல், வாய்க்கு ஒரு சொல் என்று இரண்டைச் சுமப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சைகை வந்ததும் இயங்கும் நிரற்பகுதியாகிய ‘ஹேண்ட்லர்’ என்பதற்குக் ‘கையாளி’ என்றும் ‘சைகைச் செயலி’ என்றும் இரண்டு எழுதியிருந்தீர்கள். ‘செயலி’ என்பது புரொசெசருக்கு வழங்குவதால் நான் முன்னையதன் பக்கம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதிக் காட்டினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.