நிரலைச் சரிபார்க்கக் கூடுதல் மீளாய்வாளர் வந்தபின் என்ன நடந்தது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

வெள்ளவத்தைவாசி:
திறந்த மூல நிரல் நூலகம் ஒன்றுக்குத் தமிழ் அகரவரிசைத் திருத்தம் அனுப்பியிருந்தேன். சின்னத் திருத்தம். முதல் மீளாய்வாளர் ஒரு மாறியின் பெயரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். பிறகு புதிய விதி வந்தது, இருவர் ஒப்ப வேண்டுமாம். இரண்டாமவர் பழைய பெயரையே வைக்கச் சொன்னார்! கொழும்பின் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கியபடி அதை வாசித்தேன். எரிச்சலில் தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டது. அகரவரிசையில் ஃ எங்கே வர வேண்டும் என்று இருவரில் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

கொட்டாஞ்சேனை:
எனக்கு நேர்மாறு. ஒரு மாணவியின் நிரல், பெயர்களை ஏழு யூனிகோட் (கணினி எழுத்துக்) குறிகளோடு வெட்டியது. முதலில் பார்த்தவர் தமிழர். சரி என்று விட்டுவிட்டார். தமிழே தெரியாத இரண்டாமவர்தான், "எழுத்தின் நடுவில் வெட்டு விழுந்தால்?" என்று கேட்டார். ஓட்டிப் பார்த்தோம். 'சண்முகம்', 'சண்முகம' என்று நின்றது. யூனிகோடில் புள்ளி தனிக் குறி அல்லவா, அது போய்விட்டது.

தெஹிவளைக்காரன்:
தம்பிமாரே, 2024 பெரிய வெள்ளி இரவு நான் அலுவலக சர்வர்களில் பின்கதவு வைக்கப்பட்ட எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) 5.6.0, 5.6.1 பதிப்புகள் இருக்கின்றனவா என்று தேடிக்கொண்டிருந்தேன். இல்லை, தப்பினோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பின்கதவைத் திறந்துவிடும் துணுக்கு, எல்லோரும் பார்க்கும் மூல நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்திலேயே இல்லை. பயனர்கள் இறக்கிக்கொள்ளும் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் செருகப்பட்டிருந்தது. களஞ்சியத்தைப் பத்துப் பேர் பார்த்தாலும் அகப்பட்டிராது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் வழி) நுழைவு அரை நொடி தாமதிப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவியதால்தான் வெளியே வந்தது. ஆகவே, கொட்டாஞ்சேனைத் தம்பி, ஆள் கூட்டுவதை விடுங்கள். தொகுப்பைக் களஞ்சியத்தோடு ஒப்பிட ஒருவரை வையுங்கள். சோதனைக் கோப்பு என்ற பெயரில் வரும் இருமக் கோப்புகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தீங்கு நிரலின் பெரும்பகுதி அவற்றில்தான் ஒளிந்திருந்தது. முக்கியமாக, தனி ஆளாகப் பராமரிப்பவரை நெருக்காதீர்கள். அந்த நெருக்கடியில்தான் அந்நியர் கைக்குச் சாவி போனது.

கொட்டாஞ்சேனை:
அண்ணா, நான் ஆள் கூட்டச் சொல்லவே இல்லை, நடந்ததைச் சொன்னேன். 2014இல் அம்பலமான ஹார்ட்பிளீடை, அதாவது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் இருந்த ஓட்டையை, எடுங்கள். ஒருவர் எழுதி ஒருவர் பார்த்த நிரல்தான். நீள அளவைச் சரிபார்க்கவில்லை. அது களஞ்சியத்தில் எல்லோர் கண் முன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. அங்கே இன்னொரு கண் வீணாகியிருக்குமா?

வெள்ளவத்தைவாசி:
நீங்கள் இருவரும் வாதிடுங்கள். இப்போது மூன்றாமவர் ஒருவர் வந்து, வரி முடிவில் இடைவெளி இருக்கிறது, நீக்குங்கள் என்கிறார். ஃ பற்றி இவரும் கேட்கவில்லை.