தோட்டத்து வீட்டார் வாட்ஸ்அப் குழு: காதுகுத்துக் கோழிகள்

செல்வம்: அனைவருக்கும் வணக்கம். மலர் பையனின் காதுகுத்துக்குத் தாய்மாமன் பங்காக நான் வளர்க்கும் 200 பிராய்லர் குஞ்சுகளுக்கு இன்று 18 நாள். சோயாப் புண்ணாக்கு விலை கட்டுப்படியாகவில்லை. துரைசாமி மாமா செக்கில் இருக்கும் கடலைப் புண்ணாக்கைத் தருவதாகச் சொல்கிறார். சோயாவில் பாதியைக் குறைத்து அதைக் கலக்கலாமா?

துரைசாமி மாமா: தாராளமாகக் கலக்கலாம். மாடு தின்பதைக் கோழி தின்னாதா?

சரசு அத்தை: 5 மூட்டை இருக்கிறது. ஐப்பசி மழையில் 2 மூட்டை நனைந்தன. வெயிலில் காயவைத்து எடுத்துவிட்டோம்.

மலர்: அத்தை, நனைந்ததையா தரப்போகிறீர்கள்?

கவிதா: செல்வம் அண்ணா, பொறுங்கள். நனைந்த கடலைப் புண்ணாக்கில் பிடிக்கும் பூஞ்சை அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். வெயிலில் காயவைத்தால் ஈரம் போகுமே தவிர, உண்டான நஞ்சு போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம் தேடியபோதுதான், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சு முதன்முதலில் பிடிபட்டது. இது கோழியின் கல்லீரலைக் கெடுக்கும். நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், வெள்ளைக் கழிச்சல் நோய்க்குப் போட்ட தடுப்பு மருந்தும் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

பெரியப்பா: காதுகுத்தில் வான்கோழி எங்கே வந்தது, கவிதா?

துரைசாமி மாமா: என் செக்கைக் குறை சொல்வதற்கென்றே பெண்ணை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கவைத்திருக்கிறீர்கள், மாப்பிள்ளை.

பெரியப்பா: அதற்கு நீங்கள் ஒரு ரூபாயும் தரவில்லையே.

மலர்: இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டீர்களா?

கவிதா: நனையாத 3 மூட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புரதத்தின் அளவு மட்டும் போதாது. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் எது எவ்வளவு இருக்கிறது என்பதே குஞ்சின் வளர்ச்சியைத் தீர்மானிக்கும். கடலைப் புண்ணாக்கில் புரதம் நிறைய இருந்தாலும் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறைவு. பாதி சோயாவை எடுத்துவிட்டு அந்தக் குறையை ஈடுசெய்யாமல் விட்டால், தீவனம் தீரும், எடை ஏறாது, நெஞ்சுக்கறி சிறுத்துப்போகும். எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நன்றாக உண்டு, ஆனால் லைசின் அதிலும் குறைவு.

செல்வம்: அப்படியானால் சோயாப் பயறையே வாங்கி அரைத்துப் போடட்டுமா? தோழர் ஒருவர் மலிவாகத் தருகிறார்.

கவிதா: பச்சையாகப் போடவே கூடாது, அண்ணா. புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது; கணையம் வீங்கும், வளர்ச்சி குன்றும். பதமான சூட்டில் வறுத்தால் அது அடங்கும், ஆனால் கருகினால் லைசினும் கெட்டுவிடும். செரிக்காத புரதம் குடலின் பின்பகுதிக்குப் போனால் அங்கே கெட்ட நுண்ணுயிர்கள் பெருகும், எச்சம் இளகும், தரையில் பரப்பிய கூளம் ஈரமாகும், அம்மோனியா நெடி ஏறும், பாதம் புண்ணாகும்.

சித்தப்பா: பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று காணொளி வந்திருக்கிறதே. இந்தக் கோழியா விருந்துக்கு?

கவிதா: ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்டால் எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது, சித்தப்பா. இனத்தேர்வும் தீவனமும்தான் அந்த வளர்ச்சிக்குக் காரணம்.

சித்தப்பா: நாட்டுக்கோழி என்றால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

மலர்: 200 நாட்டுக்கோழிக்கு நீங்கள் பணம் தருகிறீர்களா?

பெரியப்பா: 2021இல் சோயாப் புண்ணாக்கு விலை ஏறியபோது, மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய அரசே அனுமதி கொடுத்தது. விலை செல்வத்துக்கு மட்டும் ஏறவில்லை.

சரசு அத்தை: தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவைப் போடலாமே. எங்கள் தொட்டியில் நிறைய இருக்கிறது.

கவிதா: கொஞ்சமாகப் போடலாம், அத்தை. நார்ச்சத்தும் நீரும் அதிகம். அதைக்கொண்டு சோயாவுக்கு ஈடுகட்ட முடியாது.

செல்வம்: நனையாத மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து நாளை அனுப்புகிறேன், கவிதா. பரிசோதனை முடிவு வரும்வரை பழைய தீவனமே போகட்டும். பிறகு அளவைச் சொல்.

துரைசாமி மாமா: மாதிரியைத் தாராளமாக எடுத்துக்கொள். மூட்டைக் கணக்கை யாரிடம் கேட்பது?

மலர்: மாமா, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.