அனாஃபாசாவில் குரோமோசோமை இழுப்பது யார், அறுப்பது யார்?

செம்பனை லோரி (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். நான் படிவம் ஐந்தோடு நின்றவன். செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்கு லோரி ஓட்டுகிறேன். மகள் படிவம் நான்கில் உயிரியல் எடுத்திருக்கிறாள். நேற்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, செல் பிரியும் பாடத்தைத் திறந்து புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். "அப்பா, மெட்டாஃபாசாவில் குரோமோசோம் எல்லாம் நடுவில் வரிசையாக நிற்குது. அடுத்த படம் அனாஃபாசா, அதில் இரண்டாகப் பிரிந்து இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி போகுது. இரண்டு படத்துக்கும் நடுவில் என்ன நடந்தது?"

புத்தகத்தில் இருப்பது ஒரே வரி: கெந்தியான் கெலென்டோங் (கதிர் நார்) இழுக்கிறது. சரி, அந்த நார் முந்தின படத்திலேயே ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது? அப்போதே ஏன் பிரியவில்லை? எனக்கும் விடை தெரியவில்லை.

அவள் பரீட்சைக்காக மட்டும் கேட்கவில்லை. என் கடைசிப் பையனுக்கு டவுன் சின்ட்ரோம். 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. அவன் பிறந்தபோது என் வீட்டுக்காரிக்கு 41 வயது. கிரகணத்தன்று வெளியே போனாள், உரமூட்டை தூக்கினாள் என்று லயத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இன்னும் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

தேத்தண்ணி மாஸ்டர்

அண்ணே, நார் சுருங்கும், குரோமோசோம் பிரியும். அவ்வளவுதான். எஸ்பிஎம் பரீட்சையில் அப்படி எழுதித்தான் நான் தேறினேன்.

பப்பாளிப்பால்

மாஸ்டர் தேறினது சந்தோஷம், ஆனால் விடை பாதிதான். அண்ணே, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான், அம்மா பால் மரம் வெட்டினார். இப்போது திசு வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

செல் பிரிவதற்கு முன்னால் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப்போல் ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். மூலமும் நகலும் தனித்தனியாகக் கிடக்காது. கொஹெசின் என்ற புரதம் மோதிரம் மாதிரி இரண்டையும் சேர்த்து வளைத்துப் பிடித்திருக்கும். நார்கள் இரண்டு பக்கமும் இழுப்பது நிஜம். ஆனால் மெட்டாஃபாசாவிலேயே இழுக்கத் தொடங்கிவிடும். மோதிரம் விடாததால்தான் குரோமோசோம் நடுவில் நிற்கிறது. தீபாவளி விளையாட்டில் கயிறு இழுக்கும்போது இரண்டு பக்கமும் சமபலம் என்றால் நடுவில் கட்டிய துணி அசையாமல் நிற்குமே, அந்த மாதிரி. பிரிவு நடப்பது இழுப்பு கூடுவதால் அல்ல, மோதிரம் அறுபடுவதால். அறுப்பது செப்பரேஸ் என்ற நொதி.

இந்த நொதி எந்த இனம் என்று நம் அடுப்படியிலேயே பார்க்கலாம். ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் அம்மா பின்கட்டுக்குப் போய்ப் பச்சைப் பப்பாளியில் நான்கு கீறு போடுவார். வெள்ளைப் பால் சொட்டும். அதைக் கறியில் தடவி அரை மணி நேரம் வைத்தால் பஞ்சு மாதிரி வெந்துவிடும். அந்தப் பாலில் இருக்கும் பாப்பைன் புரதத்தை வெட்டும் நொதி. செப்பரேஸும் புரதம் வெட்டும் நொதிதான். இரண்டிலும் கத்தியின் கூர்முனை சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். ஆனால் பாப்பைன் கண்ணில் பட்ட புரதத்தையெல்லாம் கடிக்கும். பப்பாளிப்பால் பட்டால் கை எரிவது அதனால்தான். செப்பரேஸ் அப்படி இல்லை, மோதிரத்தின் ஒரு துண்டில் குறிப்பிட்ட இடத்தைத் தேடி வெட்டும். 1999-இல் வியன்னாவில் கிம் நாஸ்மித்தின் ஆய்வுக்குழு ஈஸ்ட்டில் இதைக் கண்டது.

அடுத்த வருஷம் அவர்கள் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஈஸ்ட் செல்லை மெட்டாஃபாசாவிலேயே நிறுத்திவைத்தார்கள். மோதிரத்தில் ஒரு புகையிலை வைரஸின் நொதி மட்டுமே வெட்டக்கூடிய இடத்தை முன்கூட்டியே பொருத்தியிருந்தார்கள். அந்த வைரஸ் நொதியைச் செல்லுக்குள் உண்டாக்கியதும் குரோமோசோம்கள் பிரிந்து இரண்டு பக்கமும் போய்விட்டன. ஈஸ்ட்டுக்கும் புகையிலைக்கும் என்ன உறவு? ஒன்றும் இல்லை. மோதிரம் அறுந்தால் போதும், மற்றதை நார் பார்த்துக்கொள்ளும். மாஸ்டர் கவனிக்கவும்.

இப்படி ஒரு கத்தியைச் செல் திறந்துபோட்டு வைக்காது. அதற்கு ஓர் உறை உண்டு, பெயர் செக்யூரின். எப்போது உறையைக் கழற்றுவது என்பதில்தான் சூட்சுமமே.

பெரட்டு நினைவிருக்கிறதா? விடியக்காலை இருட்டில் மண்டோர் பேர் கூப்பிடுவார், வெளிக்காட்டு லோரி உறுமிக்கொண்டு நிற்கும். எங்கள் மண்டோர் ஒரு பேருக்குப் பதில் வராவிட்டாலும் லோரியை விடமாட்டார். செல்லும் அதேதான். 46 குரோமோசோமில் ஒன்றே ஒன்று நாரில் மாட்டாமல் இருந்தாலும் அதிலிருந்து "பொறு, பொறு" என்று சைகை போய்க்கொண்டே இருக்கும். கடைசி ஆளும் மாட்டியதும் சைகை நிற்கும். அப்புறம் ஏபிசி (APC) என்ற பெரிய நொதிக்கூட்டம் செக்யூரின் மேல் யுபிகுயிட்டின் என்ற சின்னப் புரதத்தைச் சீட்டு மாதிரி ஒட்டும். சீட்டு விழுந்த புரதத்தைச் செல் அரைத்துத் தள்ளிவிடும். உறை போச்சு, கத்தி வெளியே. இந்தச் சீட்டு முறையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இன்னொன்று பாக்கி. மாட்டினால் மட்டும் போதாது, சரியாக மாட்ட வேண்டும். மூலம், நகல் இரண்டும் ஒரே பக்கத்து நாரில் மாட்டிக்கொண்டால் ஒரு செல்லுக்கு ஒன்று கூடும், மற்றதற்குக் குறையும். இதை அரோரா பி என்ற நொதி பார்த்துக்கொள்கிறது. மூலத்திலும் நகலிலும் நார் மாட்டும் இடத்தைப் பிடி என்று வையுங்கள், அந்த இரண்டு பிடிகளுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். கயிறு தொய்ந்திருந்தால் பிடி அதன் கைக்கு எட்டும். பிடியில் பாஸ்பேட் ஒட்டி நாரை வழுக்கிவிடச் செய்யும். மறுபடி மாட்டு, மறுபடி பார். இரண்டு பக்கமும் விறைப்பாக இழுத்தால் பிடி அதன் கைக்கு எட்டாத தூரம் போய்விடும், அப்புறம் நிலைத்துவிடும். எது சரி என்று அதற்குத் தெரியாது. தொய்வாக இருப்பதை விடுவித்துக்கொண்டே போகும், அவ்வளவுதான். கெட்டிக்கார நொதி என்று இதைத்தான் சொல்வேன்.

செம்பனை லோரி

ரொம்ப நன்றி தங்கச்சி. பெரட்டு என்றதும் மகளுக்கு எங்க அப்பா கதையெல்லாம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒன்று கேட்கட்டுமா, இத்தனை காவல் இருந்தும் என் பையனுக்கு மூன்று எப்படி வந்தது?

பப்பாளிப்பால்

அண்ணே, அது பெரும்பாலும் முட்டை உருவாகும் பிரிவில் வரும் பிழை. மேலே நான் சொன்னது சாதாரண உடல் செல். முட்டையின் கதை வேறு.

ஒரு பெண்ணின் முட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே பிரிய ஆரம்பித்து, பாதியில் நின்றுவிடும். பல வருஷம் கழித்து அந்த முட்டை முதிரும்போதுதான் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதுவரைக்கும் குரோமோசோம்களைப் பிடித்திருப்பது ஆரம்பத்தில் போட்ட அதே கொஹெசின் மோதிரங்கள். எலியில் சோதித்துப் பார்த்ததில் அவற்றைப் புதுப்பிக்க வழியே இல்லாத மாதிரி தெரிந்தது. அண்ணி தன் அம்மா வயிற்றில் இருந்தபோது போட்ட மோதிரம் 40 வருஷம் தாங்க வேண்டும். சில தேய்ந்து விட்டுப்போகும், ஜோடி முன்கூட்டியே நழுவும், நார் தப்பாகப் பிடிக்கும். போதாததற்கு முட்டையில் பெரட்டும் கொஞ்சம் தளர்வு. ஒன்றிரண்டு பேர் வராவிட்டாலும் லோரி கிளம்பிவிடும்.

கிரகணம் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே போட்ட மோதிரம் அது. உரமூட்டைக்கும் அதில் வேலை இல்லை. வயது கூடினால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை, ஆனால் சின்ன வயது அம்மாக்களுக்கும் நடக்கிறது.

பழைய டிரஸ்ஸர்

தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பங்குக்கு ஒன்று. லயத்து வாசலில் நித்தியகல்யாணி பூத்துக்கிடக்குமே, பூசைக்குப் பறிப்போம். வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். தங்கச்சி சொன்ன நார் உருவாகவே விடாது. நார் இல்லையென்றால் எந்தக் குரோமோசோமும் மாட்டாது, பெரட்டு முடியவே முடியாது. காத்துக் காத்தே பல புற்றுச் செல்கள் செத்துப்போகும். இத்தனை வருஷம் அந்த மருந்துப் பேரைச் சொல்லியிருக்கிறேன், காரணம் இன்றைக்குத்தான் முழுசாகப் பிடிபட்டது. இலையைப் பறித்து யாரும் கஷாயம் வைத்துவிடாதீர்கள், நஞ்சு.

செம்பனை லோரி

வீட்டுக்காரியிடம் மோதிரக் கதையைப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம் எழுந்து போய்ச் சோறு போட்டாள், ஒன்றும் பேசவில்லை.

மகளுக்கு இதை நேரில் பார்க்க வேண்டுமாம். வீட்டில் முடியுமா?

பப்பாளிப்பால்

பள்ளி ஆய்வகத்தில் முடியும், மைக்ரோஸ்கோப் வேண்டும். வெங்காயத்தைக் கண்ணாடிக் குவளை வாயில் அடிப்பக்கம் தண்ணீரைத் தொடும்படி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் விடும். வேர் நுனியை மட்டும் கிள்ளி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்க வேண்டும். அமிலம் சேரும் வேலை, ஆசிரியர் கூட இருக்கட்டும். மனிதனுக்கு 46, வெங்காயத்துக்கு 16 தான், எண்ணவும் சுலபம். அனாஃபாசா சில நிமிஷத்தில் முடிந்துவிடும், அதனால் அந்த நிலையில் நிற்கும் செல் அபூர்வமாகத்தான் கண்ணில் படும். பொறுமையாகத் தகட்டை நகர்த்தித் தேடச் சொல்லுங்கள்.

செம்பனை லோரி

பெரிய வெங்காயமா, சின்ன வெங்காயமா?

பப்பாளிப்பால்

இரண்டுக்கும் 16 தான் அண்ணே. சின்ன வெங்காயத்தைச் சாம்பாருக்கு விட்டுவிட்டுப் பெரியதை வையுங்கள்.