பதில்: 'டெட் கீ'க்குத் தமிழ் – 'இறந்த விசை' வேண்டாம், 'நகரா விசை' இருக்கிறதே

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழையைத் தொடங்கிய தம்பி கேட்டது சின்னக் கேள்விதான். ஐஸ்லாந்திய விசைப்பலகையைக் கணினியில் சேர்ப்பதற்கான உதவிக் குறிப்பைத் தமிழாக்குகிறார். நடுவில் 'டெட் கீ' வருகிறது. அதற்கு என்ன சொல் போடுவது? மூன்று நாளாக மடல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த விசை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். நேற்றிரவு என் கணினியில் ஐஸ்லாந்திய அமைப்பைச் சேர்த்து ஒரு மணிநேரம் தட்டிப் பார்த்தேன். ஐஸ்லாந்திய நெடுங்கணக்கில் 32 எழுத்துகள். அவற்றில் ஆங்கிலத்தில் இல்லாதவை பத்து. 'எத்' என்ற எழுத்து பி விசைக்கு வலப்பக்கம், ஆங்கிலப் பலகையில் சதுர அடைப்புக்குறி இருக்குமே, அங்கே. ஏ-யும் ஈ-யும் முதுகு ஒட்டிய கூட்டெழுத்து எல்-லுக்கு அடுத்து. இரட்டைப் புள்ளி வைத்த ஓ, சுழியத்துக்கு அடுத்து. 'தோர்ன்' கீழ் வரிசையில், வலது ஷிஃப்ட்டை ஒட்டி. இந்த நான்குக்கும் தனி விசை உண்டு. தட்டினால் விழும், சிக்கலே இல்லை.

மீதி ஆறும் தலையில் சாய்கோடு ஏந்திய உயிர்கள்: ஏ, ஈ, ஐ, ஓ, யூ, ஒய். இவற்றுக்குத் தனி விசை கிடையாது. ஆங்கிலப் பலகையில் ஒற்றை மேற்கோள் இருக்கும் இடத்தில், வலது சுண்டுவிரல் எட்டும் தூரத்தில், சாய்கோட்டு விசை ஒன்று இருக்கிறது. அழுத்தினேன். திரையில் எதுவும் விழவில்லை. கர்சர் நின்ற இடத்திலேயே மினுக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் ஏ-யை அழுத்தினேன். கோடும் ஏ-யும் சேர்ந்து ஒரே எழுத்தாக விழுந்தன. கர்சர் ஒரு இடம் தள்ளிப் போனது. ஷிஃப்ட் போல இந்த விசையைப் பிடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. தட்டி விட்டுவிடலாம். அடுத்த எழுத்து வரும்வரை கோடு நினைவில் நிற்கும். இப்படிப்பட்ட விசைதான் 'டெட் கீ'.

இனி, வந்த பரிந்துரைகள்.

> நேரடியாக 'இறந்த விசை' என்றே போட்டுவிடலாம். பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆமாம், ஜெர்மானியர்களும் அப்படியே சொல்கிறார்கள். அவர்களுக்கு அது பொருந்தலாம். நம் வழக்கில் விசை செத்துவிட்டது என்றால் அது பழுதாகிவிட்டது என்றுதான் பொருள். 'லேப்டாப்பில் ஏ கீ செத்துப்போச்சு' என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! போன வருடம் என் அக்கா மகள் புதுக் கணினியில் விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தாள். 'இறந்த விசைகளுடன்' என்று ஒரு வரி. "மாமா, இதைத் தேர்ந்தெடுத்தா கீபோர்டு வேலை செய்யாதா?" என்று கேட்டாள். மூடிவிட்டு ஆங்கிலத்துக்கே மாறிவிட்டாள். அந்த வரியை மொழிபெயர்த்தவர் நம்மைப்போல ஆர்வத்தோடு செய்த ஒருவர்தான். ஆனால் ஒரே ஒரு சொல் ஒரு பிள்ளையைத் தமிழ் இடைமுகத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டது. இந்த விவாதத்தில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு அதுதான் காரணம்.

> 'மௌன விசை' அழகாக இருக்கிறது.

அழகுதான். ஆனால் ஒலியை நிறுத்தும் விசை இப்போது பல பலகைகளில் இருக்கிறது. படிப்பவர் அதைத்தான் நினைப்பார்.

> 'ஒட்டு விசை'? அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறதே.

'ஒட்டு' என்பதை 'வெட்டு, நகலெடு, ஒட்டு' வரிசையில் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொள்ள முடியாதவர்களுக்கான 'ஒட்டும் விசைகள்' என்ற வசதியும் தனியே உண்டு. மூன்றாவது ஒட்டு வேண்டாம்.

> 'அழுத்தக்குறி விசை' என்றால் பொருள் விளங்கும்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஐஸ்லாந்திய மொழியில் அந்தச் சாய்கோடு அழுத்தத்தைக் காட்டுவதே இல்லை. அவர்கள் பேச்சில் அழுத்தம் பொதுவாகச் சொல்லின் முதல் அசையில் விழும், அதற்குக் குறி எதற்கு? கோடு ஏறினால் உயிரே வேறாகிவிடும். ஏ-யின் தலையில் கோடு வந்தால் ஏறக்குறைய நம் 'அவ்' போல ஒலிக்கும். அது தனி எழுத்து, அகராதியில் தனி இடம் உண்டு. 'ஔ'வைக் காட்டி 'அழுத்தமான ஒ' என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும். அதோடு, அந்தப் பலகையில் இரட்டைப் புள்ளிக்கும் இப்படியொரு விசை உண்டு. ஒரு குறியின் பெயரை விசைக்கு வைத்தால் மற்றக் குறிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

> 'காத்திருப்பு விசை' – அழுத்தியபின் அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து எழுதும் அம்மாவின் இந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. புதிதாக ஒரு சொல் ஆக்கத்தான் வேண்டும் என்ற நிலை இருந்தால் இதற்குத்தான் கை தூக்குவேன். ஆனால் அம்மா, நாம் ஆக்க வேண்டிய தேவையே இல்லை. சொல் ஏற்கெனவே இருக்கிறது.

நான் பள்ளி முடித்த கையோடு தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் லோயர், அதாவது இளநிலைத் தட்டச்சு, படித்தவன். ரெமிங்டன் பொறி. சாதாரண விசையை அழுத்தினால் எழுத்து ரிப்பன்மேல் அடிக்கும். தாளைச் சுமக்கும் கேரேஜ் ஒரு இடம் நகரும். புள்ளியை அழுத்தினால் மட்டும் தாளில் புள்ளி விழும், கேரேஜ் அசையாது. அடுத்து அடிக்கிற எழுத்து அந்தப் புள்ளிக்கு அடியிலேயே வந்து உட்காரும். ஆக 'க்' அடிக்க வேண்டுமென்றால் முதலில் புள்ளி, பிறகு க. கையால் எழுதும்போது எழுத்துக்குப் பின் புள்ளி வைத்தே பழகிய நமக்கு இது தலைகீழ். முதல் வாரம் 'அம்மா' அடித்தபோதெல்லாம் புள்ளி இரண்டாவது ம-வின் தலையில்தான் போய் ஏறியது. மாஸ்டர் பின்னால் வந்து நின்று, "தம்பி, அது நகரா விசை. முதல்ல அதை அடி, அப்புறம் எழுத்தை அடி" என்பார். அந்தச் சொல் அன்றைக்கே காதில் ஏறிவிட்டது.

இது ஒரு பயிலகத்தில் மட்டும் புழங்கிய சொல் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய கதையிலேயே இது வரும். 247 எழுத்துகளை ஒரு சின்னப் பலகைக்குள் அடக்க வேண்டும். கி, மி, வி எல்லாவற்றுக்கும் பொதுவான விசிறியை (இகரக் குறியை) தனியாகப் பிரித்தார்; குறியையும் எழுத்தையும் தனித்தனியே அடித்து ஒன்றாக்க நகரா விசைகளைக் கையாண்டார். ஐஸ்லாந்துக்காரர் இன்று சாய்கோட்டை அடித்துவிட்டு ஏ-யை அடிக்கிறாரே, அதே வேலையைத்தான் நம் தாத்தாக்கள் ரெமிங்டனில் புள்ளியை வைத்துச் செய்தார்கள். ஆங்கிலத்தில் 'டெட்' என்ற அடைமொழி வந்ததும் அந்த விசை கேரேஜை நகர்த்தாததால்தான். அவர்கள் அதைச் சாவாகப் பார்த்தார்கள். நம்மவர்கள் நடந்ததை நடந்தபடியே சொன்னார்கள்: நகராது, அவ்வளவுதான்.

> கணினியில் கேரேஜே இல்லையே. எது நகரவில்லை என்று கேட்டால்?

நல்ல கேள்வி. கர்சர். மேலே நான் சொன்ன சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். சில இயங்குதளங்களில் காத்திருக்கும் குறி திரையில் தெரியும், சிலவற்றில் தெரியாது. எதில் பார்த்தாலும் எழுத்து முழுமையாகி அடுத்த இடத்துக்குப் போவது மட்டும் நடக்காது. பொறி மாறினாலும் சொல்லின் பொருள் மாறவில்லை. ஒரு கலைச்சொல்லுக்கு இதைவிட என்ன வேண்டும்?

'நகரா' என்றால் முரசு என்று ஒரு நண்பர் நினைவூட்டினார். உண்மைதான், கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒலிக்கும் முரசு. ஆனால் 'விசை' பக்கத்தில் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். செல்லாக் காசு, ஓயா அலை போல ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான் இதுவும். பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: 'நகராக் குறி'. 'விசை'க்கு முன் மிகாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் சேர்குறிகள் என்று ஒரு வகை உண்டு. அதில் எழுத்து முதலில், குறி பிறகு. சாய்கோட்டுச் சேர்குறிக்கு எண் 769. நகரா விசையில் குறி முதலில், எழுத்து பிறகு; பெரும்பாலும் முடிவில் கிடைப்பது கோடு ஏந்திய ஒற்றை எழுத்து. ஏ-க்கு அது 225. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிடக் கூடாது. அதில் சேர்குறி, இதில் நகரா விசை.

தம்பி உதவிக் குறிப்பின் இரண்டாம் பகுதியை, அதாவது எழுத்துகள் சரியாகத் தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதை, 'எழுத்துருவை மாற்றுக' என்று முடித்திருக்கிறார். அது போதாது. ஐஸ்லாந்திய எழுத்துகள் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய லத்தீன்-1 எழுத்தெண் அட்டவணையிலேயே இருப்பவை: எத் 240, தோர்ன் 254. அன்றாடம் புழங்கும் எழுத்துருக்களில் பெரும்பாலும் இருக்கும். கோளாறு வருவது குறியாக்கத்தில், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஏற்பாட்டில். துருக்கிக்கான அட்டவணை லத்தீன்-1இலிருந்து ஆறே இடங்களை மாற்றிக்கொண்டது, ஆறும் ஐஸ்லாந்துக்காரர்களின் இடங்கள்: பெரிய, சின்ன எத், தோர்ன், கோடு ஏந்திய ஒய். அந்தக் குறியாக்கத்தில் திறந்தால் தோர்ன் வர வேண்டிய இடத்தில் வாலுள்ள எஸ் வந்து நிற்கும். இந்த வலி நமக்குப் புதிதில்லை. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தின் காலத்தில் 128க்கு மேலே தமிழை வைத்தோம். ஒரே பக்கத்தில் தமிழும் தோர்னும் நிற்க இடமே இல்லை. இன்று யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை தனி இடம், இரண்டும் ஒரே வரியில் வாழலாம். ஆகவே அந்த வரியை 'குறியாக்கம் யுடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்று பாருங்கள்' என்று தொடங்குங்கள் தம்பி. யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதும் முறைதான் அது; எழுத்துருவை அதற்கு அப்புறம் சொல்லலாம்.

எத் எப்படி ஒலிக்கும் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். 'அது', 'காது' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் அந்த மென்மையான த-தான், கிட்டத்தட்ட. ஐஸ்லாந்தியத்தில் எத் சொல்லின் முதலில் வராது. நம் மென்மையான த-வும் அப்படித்தான். விசைப்பலகைக்கு அவர்கள் சொல் 'லிக்லாபோர்த்', விசைகளின் பலகை. அந்தச் சொல் முடிவதே எத்தில்தான்.

பழைய சொல்லை எடுக்கலாமா என்று தயங்குபவர்கள் அந்த மொழியையே பார்க்கலாம். தொலைபேசிக்கு அவர்கள் வைத்த 'சீமி' கயிறு, இழை என்று பொருள் தரும் பழஞ்சொல். கணினித் திரைக்குச் சொல்லும் 'ஸ்க்யார்', அந்தக் காலத்துப் புல்தரை வீடுகளில் கண்ணாடிக்குப் பதிலாக விலங்கின் மெல்லிய சவ்வைக் கட்டிய ஜன்னல். கணினியை 'டொல்வா' என்கிறார்கள்: எண்ணைக் குறிக்கும் சொல்லும் வருங்காலம் உரைக்கும் பெண்ணைக் குறிக்கும் சொல்லும் கலந்தது. நம் 'கணினி'யின் வேரிலும் கணி என்ற சோதிடர் இருக்கிறார். இரண்டு மொழிகளும் கலந்து பேசாமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. சவ்வு ஜன்னலை அவர்கள் திரையாக்க முடியுமென்றால், பயிலகத்து நகரா விசையை நாம் கணினிக்குக் கொண்டுவரத் தயங்க வேண்டியதில்லை.

சரி, இடைமுகத்தில் எப்படி உட்காரும் என்று சில வரிகளை எழுதிப் பார்த்தேன்:

'ஜெர்மன் (நகரா விசைகள் இல்லை)'
'ஆங்கிலம் (அமெரிக்கா, பன்னாட்டு, நகரா விசைகளுடன்)'
'நகரா விசையை அழுத்திவிட்டு உயிரெழுத்தை அழுத்தவும். குறி மட்டும் வேண்டுமென்றால் இடைவெளிப் பட்டையை அழுத்தவும்.'

இரண்டாவது வரி நம் ஊர்ப் பலகை வைத்திருப்பவர்களுக்கு முக்கியமானது. அந்த அமைப்பில் ஒற்றை மேற்கோள் விசையே நகரா விசையாகிவிடும். வலது ஆல்ட்டோடு 'டாக்டர்' என்பதன் ஆங்கில முதலெழுத்தை அழுத்தினால் விண்டோஸில் எத், 'டீச்சர்' என்பதன் முதலெழுத்தை அழுத்தினால் தோர்ன். இரண்டு எழுத்தின் பெயரும் தமிழில் 'டி' என்றே ஆகிவிடுவதால் எழுதும்போது குழம்பினேன். குறிப்பில் அந்த இடத்துக்கு மட்டும் விசைகளின் படம் போட்டுவிடுங்கள் தம்பி.

லினக்ஸில் இரண்டு எழுத்தைத் தொடர்ந்து அடித்து ஒன்றாக்கும் 'கம்போஸ்' விசைக்கு 'கூட்டெழுத்து விசை' என்று யோசிக்கிறேன். அதைத் தனி இழையில் பேசலாம், இங்கே கலக்க வேண்டாம்.

ஞாயிறு இரவு சொற்பட்டியலைப் பதிவேற்ற வேண்டும். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் தமிழ்த் தட்டச்சு கற்றவர்கள் குழுமத்தில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பயிலகத்தில் இதை எப்படிச் சொன்னார்கள் என்று ஒரு வரி எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

அன்புடன்,
பழைய லோயர் மாணவன்